உட்லண்ட்ஸிலிருந்து மலாக்காவுக்கு: நற்பணிச் சவாரியில் சேர மிதித்தே போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நற்பணிக்கு நிதி திரட்டும் சைக்கிள் சவாரிகளுக்குப் பெயர் கொடுப்பவர்களில் பெரும்பாலோர், சவாரி தொடங்கும் ஊருக்குச் சைக்கிளைக் காரிலோ வேனிலோ ஏற்றிக்கொண்டு போவார்கள். வீட்டு வாசலிலிருந்தே மிதித்துப் போய்ச் சேர்வது இன்னொரு வழி. “40 கிலோமீட்டர் ஓட்டப்போகிறேன், நன்கொடை தாருங்கள்” என்றால் “பார்க்கலாம்ப்பா” என்று சொல்லும் அதே சித்தப்பா, “உட்லண்ட்ஸிலிருந்து மலாக்கா வரை மிதித்துப் போய் அந்தச் சவாரியில் சேரப்போகிறேன்” என்றால் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு என்ன, ஏது என்று கேட்பார். அந்தப் பேச்சில்தான் யாருக்காகப் பணம் திரட்டுகிறோம் என்பதை நிதானமாகச் சொல்ல முடிகிறது. இவ்வளவு தூரம் மிதிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூரின் வடக்கே உள்ள உட்லண்ட்ஸிலிருந்து கிளம்பி, மலேசியாவின் மலாக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சவாரி என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். வேறு ஊராக இருந்தாலும் ஒழுங்கு இதேதான். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வார இறுதியில் ஓட்டுபவர்கள், தங்குவிடுதியிலிருந்து வேலையிடத்துக்கு தினமும் சைக்கிளில் போய்வரும் தம்பிகள், பிள்ளைகள் வளர்ந்தபின் மறுபடி சைக்கிள் ஏறிய அக்காமார்கள் எல்லாரையும் மனத்தில் வைத்திருக்கிறேன். மின்சைக்கிளுக்கு விதிகள் வேறு. இங்கே சொல்வது காலால் மிதிக்கும் சைக்கிளுக்கு மட்டும்.

இரண்டு விஷயங்களில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பயணச் செலவு முழுவதும் நம் பையிலிருந்து போக வேண்டும். திரட்டும் பணத்தில் ஒரு காசுகூட சாப்பாட்டுக்கோ டயருக்கோ போகக்கூடாது. அடுத்தது, சவாரிக்கு முந்தின நாள் மதியத்துக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். மற்றதெல்லாம் அவரவர் வசதி.

முதலில் பணம், பிறகு சைக்கிள்

பலர் சைக்கிள் வாங்கி, உடை வாங்கி, கடைசி வாரத்தில் நன்கொடை கேட்கத் தொடங்குவார்கள். இதைத் திருப்பிப் போடுங்கள். கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே யாருக்காக என்பதை முடிவுசெய்யுங்கள்.

சிங்கப்பூரில் பதிவுபெற்ற அறநிறுவனம்தானா என்பதை அரசாங்கத்தின் அறநிறுவன இணையவாசலில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். அங்கேயே அது பொதுநல நிறுவனத் தகுதி பெற்றதா என்றும் தெரியும். அந்தத் தகுதி இருந்தால், கொடுப்பவருக்கு 2026 டிசம்பர் 31 வரை 250 விழுக்காடு வரிக் கழிவு உண்டு. அதாவது 100 வெள்ளி கொடுத்தவரின் வரிக்குரிய வருமானத்திலிருந்து 250 வெள்ளி கழிக்கப்படும். வருமான வரி கட்டும் அண்ணன்மாரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்; 50 கொடுக்க நினைத்தவர் 100 கொடுக்க இது போதும்.

பணத்தை உங்கள் வங்கிக் கணக்கிலோ பேநவ் எண்ணிலோ வாங்கவே வாங்காதீர்கள். ‘கிவிங் டாட் எஸ்ஜி’ என்ற தேசிய நன்கொடைத் தளத்தில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து உங்கள் பெயரில் ஒரு திரட்டுப் பக்கம் தொடங்கலாம். பணம் நேரே நிறுவனத்துக்குப் போகும், யாரும் உங்களிடம் கணக்குக் கேட்க வேண்டியிருக்காது. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா, யீஷூனில் தாதிமை இல்லம் நடத்தும் ஸ்ரீ நாராயண மிஷன் போன்றவை நம் மக்களுக்கு ஏற்கெனவே பழக்கமான பெயர்கள். அதனால் விளக்கிச் சொல்ல அதிக நேரம் ஆகாது.

சவாரி மலேசியாவில், அது உதவும் நிறுவனமும் மலேசியாவில் என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டு நற்பணிக்காக சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி கேட்க, அறநிறுவன ஆணையரின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். தனி ஆளாகப் போகிறவருக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. மலாக்கா சவாரியின் பதிவுக் கட்டணத்தையும் அவர்கள் கேட்கும் குறைந்தபட்ச நன்கொடையையும் உங்கள் சொந்தப் பணத்தில் கட்டிவிடுங்கள். சிங்கப்பூரில் மற்றவர்களிடம் கேட்பதை சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்காகக் கேளுங்கள். ஒரே பயணத்தில் இரண்டு இடத்துக்கும் உதவி போகிறது, சட்டச் சிக்கலும் இல்லை.

வாட்ஸ்அப்பில் கேட்கும்போது நீளமாக எழுத வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: “அண்ணே, அடுத்த மாதம் இங்கிருந்து மலாக்காவுக்கு சைக்கிளில் போய் ஒரு நற்பணிச் சவாரியில் கலந்துகொள்கிறேன். என் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கொடுப்பது முழுக்க முதியோர் இல்லத்துக்கு நேரே போகும். முடிந்ததைச் செய்யுங்கள்.” குழுவில் பொதுவாகப் போடும் செய்தியை எல்லாரும் கடந்து போய்விடுவார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியாக அனுப்புங்கள், கைகொடுப்பது அதுதான்.

எந்த மாதம்

சவாரியின் தேதியை நடத்துபவர்கள் வைத்துவிடுகிறார்கள். ஆனாலும் எந்தச் சவாரிக்குப் பெயர் கொடுப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலமான டிசம்பர், ஜனவரியில் நாள் முழுக்க மழை பிடித்துக்கொள்ளும், வழியிலுள்ள மலேசிய மாநிலமான ஜோகூரின் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் ஏறும். முதல் பயணத்துக்கு அந்த மாதங்களைத் தவிர்த்துவிடலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம், காலையில் கிளம்பி மதியத்துக்குள் முடிப்பவருக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். அப்போது ‘சுமத்ரா’ என்று சொல்லும் சூறைக்காற்று மழை விடியற்காலையிலேயே மலாக்கா நீரிணையைக் கடந்து வந்து அடிக்கும், ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்தும் விடும். இந்த மாதங்களில் புகைமூட்டம் வரலாம் என்பதால் காற்றுத் தரக் குறியீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள்

புதிதாக வாங்க வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பிரேக் நன்றாகப் பிடித்து, கியர் மாறி, உங்கள் உயரத்துக்குப் பொருந்தினால் அது மலாக்கா போகும். போகும் வழி பெரும்பாலும் சமதரை. டயர் மட்டும் மெல்லிய பந்தய டயராக இல்லாமல் 28 முதல் 35 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் சாலையோரச் சரளையில் நிம்மதியாகப் போகலாம். டயரில் வெடிப்போ தேய்மானமோ தெரிந்தால் இங்கேயே மாற்றிவிடுங்கள்.

சீட் உயரம்தான் புதியவர்களுக்கு முழங்கால் வலியைக் கொடுப்பது. சைக்கிளில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது அதே உயரத்தில் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுவே சரியான அளவு. நம் ஆட்களில் பலர் தரையில் இரண்டு காலும் ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறார்கள். 5 கிலோமீட்டருக்கு அது சரி. 60 கிலோமீட்டருக்கு முழங்கால் தாங்காது.

பையில் இருக்க வேண்டியவை: இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், பஞ்சர் ஒட்டும் பொட்டலம், கைப் பம்ப், அறுகோணச் சாவிகள் உள்ள மடக்குக் கருவி, உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி, கொஞ்சம் செயின் எண்ணெய், நாலைந்து பிளாஸ்டிக் கட்டுகள். கிளம்பும் முன் வீட்டுக் கூடத்தில் பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிப் பழகுங்கள். காணொளியில் பார்ப்பது போதாது, கையில் எண்ணெய்க் கறை படிந்தால்தான் வரும்.

சாமானை முதுகில் சுமக்காதீர்கள். பின்னால் கேரியர் பொருத்தி அதில் கட்டுங்கள், அல்லது சீட்டுக்கு அடியில் தொங்கும் நீளப் பையில் வையுங்கள். இரண்டு செட் சைக்கிள் உடை, இரவுக்கு ஒரு லுங்கியும் பனியனும், மழைச்சட்டை, மருந்து, மின்னூட்டி. இதற்கு மேல் எடுத்தால் நாலு நாளும் அதை இழுக்கப்போவது உங்கள் கால்தான். பஞ்சு வைத்த சைக்கிள் அரைக்கால்சட்டை ஒன்றுக்கு மட்டும் செலவு செய்யத் தயங்காதீர்கள். அதற்குள் உள்ளாடை போடக்கூடாது. தையல் உரசித்தான் தோல் புண்ணாகிறது. தினமும் இரவு துவைத்துக் காய வையுங்கள்.

பன்னிரண்டு வாரப் பயிற்சி

இலக்கு எளிது: ஒரு நாள் 70 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, மறுநாள் காலை எழுந்து இன்னொரு 50 ஓட்ட முடிய வேண்டும். வேகம் முக்கியமில்லை. மணிக்கு 18 கிலோமீட்டர் சராசரி போதும்.

வாரநாளில் இரண்டு முறை ஒரு மணி நேரம், வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தை 25 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் நாலைந்து கிலோமீட்டர் கூட்டிக்கொண்டே போங்கள். நாலாவது வாரம் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் பூங்கா இணைப்புப் பாதைகளில் இதற்கு வசதி நிறைய. செங்காங், பொங்கோல் பக்கத்து வடகிழக்கு ஆற்றோரச் சுற்று 26 கிலோமீட்டர், ஈஸ்ட் கோஸ்ட்டையும் சாங்கியையும் தொட்டு வரும் கிழக்குக் கரையோரச் சுற்று 42 கிலோமீட்டர். சாலை ஓட்டத்துக்குப் பழக லிம் சூ காங், கிராஞ்சி பக்கம் ஞாயிறு காலை போங்கள். அங்கே லாரிகள் உங்களைக் கடந்து போகும்போது கை நடுங்காமல் நேர்கோட்டில் ஓட்டப் பழகுவதுதான் உண்மையான பயிற்சி.

பத்தாவது வாரத்தில் ஓர் ஒத்திகை செய்யுங்கள் என்று வற்புறுத்துவேன். சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து ஜோகூரின் பெங்கேராங்குக்குச் சிறு படகுகள் போகின்றன. 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றிக்கொள்வார்கள். அக்கரையில் தஞ்சோங் பெங்கெலேவில் இறங்கி, சுங்கை ரெங்கிட் வழியாக டெசாரு போய் ஓர் இரவு தங்கி மறுநாள் திரும்பலாம். போக மட்டும் சுமார் 50 கிலோமீட்டர். கடவுச்சீட்டு, சாமான், இரண்டு நாள் தொடர்ந்த மிதிப்பு, வெளியூர்ச் சாப்பாடு எல்லாம் சின்ன அளவில் சோதித்துப் பார்த்தாகிவிடும். எந்தப் பை உரசுகிறது, எந்தச் சாமான் தேவையில்லை என்பதும் அங்கே தெரிந்துபோகும்.

இங்குள்ள சாலை விதிகள், சுருக்கமாக

சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். குழுவாகப் போனால் நீளவாக்கில் 5 சைக்கிள்தான். இருவர் இருவராகப் போனால் அதிகபட்சம் 10 பேர். ஒரே தடம் உள்ள சாலையிலும், பேருந்துத் தடம் செயல்படும் நேரத்தில் அந்தத் தடத்திலும் ஒற்றை வரிசை. அடுத்த குழுவுடன் இரண்டு விளக்குக் கம்பங்கள் இடைவெளி. விரைவுச்சாலைகளிலும் சுரங்கச் சாலைகளிலும் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பகிர்வுப் பாதையிலும் 25.

காகிதங்கள்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் அல்லாதவர்கள் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி, மூடிவிடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்கள் விசா விதியைக் கிளம்பும் மாதத்தில் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கடவுச்சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். இன்னொருவர் அதைப் பிடித்து வைப்பது சிங்கப்பூரில் குற்றம். விடுப்பை எழுத்தில் வாங்குங்கள், அனுமதியின் முடிவுத் தேதியைப் பாருங்கள். முதலாளி எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்புறுதி மலேசியாவில் செல்லும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாரும் பயணக் காப்புறுதி எடுங்கள். சைக்கிளில் நெடுந்தூரம் போவதும், பதிவுசெய்து கலந்துகொள்ளும் சவாரியும் அதில் அடங்குமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். பந்தயம் என்ற சொல் வந்தாலே சில காப்புறுதிகள் விலகிக்கொள்ளும்.

எல்லையைக் கடப்பது

சிங்கப்பூரையும் ஜோகூர் பாருவையும் இணைக்க 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலம் நீளத்தில் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதைக் கடப்பது எளிது, அதை அடைவதற்குத்தான் கவனம் தேவை. புக்கிட் தீமா விரைவுச்சாலை வழியாகப் போகக்கூடாது. உட்லண்ட்ஸ் சாலை, உட்லண்ட்ஸ் சென்டர் சாலை வழியாகப் போங்கள். இரு பக்கச் சோதனைச்சாவடிகளிலும் சைக்கிளுக்கு மோட்டார்சைக்கிள் தடம்தான். கடவுச்சீட்டை நீர்புகாத உறையில் எளிதாக எடுக்கும்படி வையுங்கள். நமக்குப் பின்னால் நூறு மோட்டார்சைக்கிள்கள் காத்திருக்கும், அங்கே பையைத் துழாவுவது நல்லதில்லை. விசையில்லாத வண்டி என்பதால் நுழைவு உரிமப் பதிவு எதுவும் வேண்டியதில்லை. தடத்தின் இடது ஓரத்தில் நேராகப் போங்கள், திடீரென்று ஒதுங்காதீர்கள்.

வாரநாள் விடியற்காலையில் ஜோகூரிலிருந்து இங்கே வேலைக்கு வருவோர் கூட்டம் எதிர்த்திசையில் இருக்கும்; நாம் போகும் பக்கம் ஓரளவு சும்மா கிடக்கும். அதனால் புதனோ வியாழனோ காலை 6 மணி வாக்கில் கடந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை, பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி ஆகியவற்றில் அங்கே போகவே வேண்டாம்.

வழி: ஐந்தாம் எண் சாலை

மலேசியாவில் கட்டண விரைவுச்சாலைகளில் சைக்கிளுக்கு இடமில்லை, ஆகவே வடக்கு தெற்கு விரைவுச்சாலையை வரைபடம் காட்டினாலும் மறந்துவிடுங்கள். நமக்கு உரியது மேற்குக் கரையோரமாகப் போகும் ஐந்தாம் எண் கூட்டரசு சாலை. வியாழன் கிளம்பி ஞாயிறு சவாரி என்றால் மூன்று நாளில் மலாக்கா சேர வேண்டியிருக்கும். ஒரு நாள் கூடுதல் விடுப்பு கிடைத்தால் புதன்கிழமையே கிளம்பி நாலு நாளில் போங்கள். புதியவர்களுக்கு நான் நாலு நாளைத்தான் சொல்வேன். கீழே தூரங்கள் தோராயமானவை.

முதல் நாள் உட்லண்ட்ஸிலிருந்து பொந்தியான், 60 கிலோமீட்டர். இந்தப் பயணத்தில் மனத்துக்குக் கடினமான நாள் இதுதான், ஏனென்றால் தொடக்கத்திலேயே ஜோகூர் பாருவின் போக்குவரத்தைக் கடக்க வேண்டும். நீரிணையை ஒட்டி டாங்கா பே பக்கமாகப் போகும் ஜாலான் ஸ்கூடாயைப் பிடித்து ஸ்கூடாய் வரை போங்கள். மேம்பாலங்களின் பக்கச் சாலைகள் வந்து சேரும் இடங்களில் பின்னால் பார்த்து, கையைத் தெளிவாக நீட்டி, பிறகு கடக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இறங்கித் தள்ளுங்கள். ஸ்கூடாயில் பொந்தியான் நெடுஞ்சாலை பிரிகிறது. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைத் தாண்டியதும் வண்டிகள் குறைந்து, லேசான ஏற்ற இறக்கமும் செம்பனைத் தோட்டங்களும் தொடங்கும். பெக்கான் நானாஸ் அன்னாசிக்குப் பெயர்போன ஊர்; சாலையோரக் கடையில் வெட்டிய அன்னாசியில் உப்புத் தூவிச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வியர்த்து இழந்த உப்பும் அதில் கொஞ்சம் திரும்பும்.

இரண்டாம் நாள் பொந்தியானிலிருந்து பத்து பகாட், 70 கிலோமீட்டர். பெனுட், ரெங்கிட், செங்காராங் என்று வரிசையாகச் சிற்றூர்கள். சாலை தட்டையாக, நேராக இருக்கும். கடல் அருகில்தான், ஆனால் பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாது. தென்னையும் பாக்கும் வாய்க்கால்களுமாக வரும். நிழல் குறைவு என்பதால் விடிந்ததும் கிளம்பி 11 மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் இந்தச் சாலையில் நிறைய. அவை கடக்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைத் தளர்த்தி வைத்தால் சைக்கிள் தானாக நிலைக்கும். கம்பத்து (கிராமத்து) நாய்கள் துரத்தினால் உதைக்காதீர்கள். பெரும்பாலும் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து மெதுவாக நடந்தால் ஆர்வம் போய்விடும்.

மூன்றாம் நாள் மூவார், 50 கிலோமீட்டர்தான். உடம்பு பழகியிருக்கும், மகிழ்ச்சியான நாள். வழியில் பாரிட் ஜாவா அசாம் பெடாஸ் மீனுக்குப் பேர்போனது, மூவார் ‘ஓட்டாக்-ஓட்டாக்’ என்ற மீன் பலகாரத்துக்கு. மதியமே ஊர் சேர்ந்து, மாலையில் ஆற்றங்கரையில் காலாற நடந்து வாருங்கள்.

நாலாம் நாள் காலை மூவார் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, சுங்கை ரம்பாய், மெர்லிமாவ், உம்பாய் வழியாக மலாக்கா, 45 கிலோமீட்டர். மூன்று நாள் திட்டத்தில் போகிறவர்கள் கடைசி இரண்டையும் சேர்த்து 95 ஓட்ட வேண்டியிருக்கும். அதுவும் சவாரிக்கு முந்தின நாள். அதனால்தான் நாலு நாள் என்று வற்புறுத்துகிறேன்.

தங்குமிடம் இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் கிடைக்கும். முன்பதிவு செய்யும்போதே சைக்கிளை அறைக்குள் வைக்க விடுவீர்களா என்று கேளுங்கள். வெளியே கட்டி வைக்கச் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

சாப்பாடு, தண்ணீர், வெயில்

வெயில்தான் இந்த வழியின் உண்மையான மலை. சிங்கப்பூரின் மைஎன்வி செயலி வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் வெயிலையும் சேர்த்துக் கணக்கிட்டு வெப்ப அழுத்த அளவைக் காட்டும். அந்த அளவு 33-ஐத் தொட்டால் உயர்ந்த நிலை. பயிற்சிக் காலத்தில் அதைப் பார்த்துப் பழகினால், எந்த நேரத்தில் உங்கள் உடம்பு திணறுகிறது என்று தெரிந்துவிடும், ஜோகூரிலும் கணிக்க முடியும்.

மணிக்கு ஒரு குப்பி, அதாவது அரை முதல் முக்கால் லிட்டர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு முறை இரண்டு மடக்கு. ஒரு குப்பியில் தண்ணீர், இன்னொன்றில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பானம். வெறும் தண்ணீரை மட்டும் நாள் முழுக்கக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்புக் குறைந்து தலை கிறுகிறுக்கும், குமட்டும். சாப்பாட்டைப் பொறுத்தவரை மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் கிடைக்கும். பேரீச்சை, கடலைமிட்டாய், பொட்டலத்தில் கட்டிய எலுமிச்சைச் சோறு எல்லாம் கடையில் விற்கும் சக்திக் கட்டிகளுக்குச் சளைத்ததில்லை, வயிறும் பழகியது.

‘மாமாக்’ எனப்படும் இந்திய முஸ்லிம் உணவுக்கடைகளில் காலையிலேயே தோசை, ரொட்டி சானாய் கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பெனுட், செங்காராங் போன்ற சிற்றூர்களில் சிரமப்படலாம். பெரிய ஊரிலேயே மதியத்துக்கும் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் தமிழராக இருந்தால் “எங்கேருந்து தம்பி வர்றீங்க?” என்று கட்டாயம் கேட்பார். சொல்லுங்கள். எந்த நற்பணிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

யாராவது பேச்சுத் தடுமாறினால், நடை குழம்பினால், தோல் சுட்டால் அது வெப்பத்தாக்கு. உடனே நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மலேசியாவில் 999-ஐ அழையுங்கள். “கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்” என்று அவரே சொன்னாலும் கேட்காதீர்கள். இடி இடித்தால் மரத்தடி வேண்டாம். கட்டடத்துக்குள் போங்கள்.

சவாரி நாள்

சனிக்கிழமை மதியம் மலாக்கா வந்ததும் எண் அட்டையையும் வழி வரைபடத்தையும் வாங்கிவிடுங்கள், விளக்கக் கூட்டம் இருந்தால் தவறாதீர்கள். பிறகு செயினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு மீதி நேரம் ஓய்வு. காலார நடக்க விரும்பினால் ஜாலான் துக்காங் எமாஸில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் மலாக்காச் செட்டிகள் எழுப்பியது. தமிழ் பேச்சு மறைந்து மலாய் பேசினாலும் வழிபாட்டை விடாமல் காத்துவரும் அந்தச் சமூகத்தின் ஊரில் நிற்கிறோம் என்பது எனக்கு எப்போதும் பெரிய விஷயம்.

சவாரியில் நடுவிலோ பின்னாலோ நின்று தொடங்குங்கள். முன்வரிசை வேகக்காரர்களுக்கு. உங்கள் கால்கள் ஏற்கெனவே 225 கிலோமீட்டர் பார்த்துவிட்டன, யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை உங்கள் முன்சக்கரம் பக்கவாட்டில் உரசும்படி நெருங்காதீர்கள். கூட்டத்தில் விழுபவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் விழுகிறார்கள். பள்ளம் இருந்தால் கையால் காட்டி, பின்னால் வருபவருக்குக் கேட்கச் சொல்லுங்கள். நிறுத்தப்போகும்போதும் முன்கூட்டிச் சத்தம் கொடுங்கள். தண்ணீர் கொடுக்கும் தொண்டூழியர்களிடம் நின்று வாங்கி, குப்பையை அங்கேயே போடுங்கள். பெரும்பாலான சவாரிகளில் சாலை மூடப்படுவதில்லை, சிவப்பு விளக்கு எல்லாருக்கும் சிவப்புதான். முடியவில்லை என்றால் கடைசியில் வரும் துணை வாகனத்தில் ஏறிவிடுங்கள். நன்கொடை ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது, அது குறையாது.

திரும்புவதும் கணக்குக் கொடுப்பதும்

திரும்பவும் மிதிக்க வேண்டாம். மலாக்கா சென்ட்ரலிலிருந்து சிங்கப்பூர் வரும் பேருந்தில் ஏறினால் இரண்டு சோதனைச்சாவடிகளிலும் சாமானோடு இறங்கி ஏற வேண்டும். சைக்கிளோடு அது பெரும்பாடு. அதற்குப் பதில் ஜோகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையத்துக்குச் சீட்டெடுங்கள். பேருந்து நிறுவனத்திடம் முன்பே கேட்டு, முன்சக்கரத்தைக் கழற்றி, அட்டையால் கட்டி அடியறையில் படுக்க வையுங்கள். லார்க்கினில் சக்கரத்தை மாட்டிக்கொண்டால் கடற்பாலம் சில கிலோமீட்டர்தான். ஞாயிறு மாலை அங்கே நெரிசல் கடுமையாக இருக்கும். திங்கள்கிழமை விடுப்பு இருந்தால் ஒரு நாள் தங்கி, முற்பகல் நெரிசல் ஓய்ந்தபின் கடப்பது நல்லது. மலேசியாவிலிருந்து வரும்போது மதுவுக்கும் சிகரெட்டுக்கும் தீர்வைச் சலுகை இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

வீடு வந்த ஒரு வாரத்துக்குள், பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள்: மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, எந்த நிறுவனத்துக்குப் போனது, மலாக்காவில் எடுத்த ஒரு படம். வரிக் கழிவு தானாகப் பதிவாக அடையாள அட்டை எண்ணையோ வெளிநாட்டினர் அடையாள எண்ணையோ நன்கொடைப் பக்கத்தில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காதவர்கள் யார் என்று கேட்டு, அவர்களை நிறுவனத்தோடு தொடர்புபடுத்திவிடுங்கள். கொடுப்பதாகச் சொல்லிவிட்டு மறந்தவர்களுக்கும் அதே படத்தை அனுப்புங்கள். திரட்டுப் பக்கத்தை இன்னும் இரண்டு வாரம் திறந்தே வைத்திருங்கள்; போய்வந்த கதையைக் கேட்டபின் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.